சாந்தன் கம் கட்டி தட்டுகிறது, சளி போல வழிகிறது: அளவும் சேர்க்கும் வரிசையும்

பிப்ரவரி 4 – இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி

வீட்டில் லோஷன் செய்ய, 100 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சாந்தன் கம் (தண்ணீரைக் கெட்டியாக்கும் தூள்) தூவிக் கலக்கினேன். மேலே வெள்ளை உருண்டைகள், அடியில் தண்ணீர். பிளெண்டர் போட்டதும் எல்லாம் சேர்ந்து நூல் நூலாக இழுபடும் கூழாகிவிட்டது. அதிலேயே 10 மில்லி எண்ணெய் ஊற்றி அடித்தேன். நன்றாகக் கலந்து வெள்ளையாக லோஷன் ஆனது. இரண்டு நாளில் மேலே எண்ணெய் மிதக்கிறது. இயற்கையான கெட்டிப்பொருள் என்பதால் எமல்சிஃபையரும் (எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைப்பது) பிரிசர்வேட்டிவும் (கெடாமல் காப்பது) தேவையில்லை என்று படித்தேன். எங்கே தவறு?

பிப்ரவரி 4, மாலை – பதில்

முதலில் அளவு. ஒரு டீஸ்பூன் சாந்தன் கம் ஏறத்தாழ 2.5 முதல் 3 கிராம் வரும். 100 மில்லியில் அது கிட்டத்தட்ட 3%. முகத்தில் பூசும் எந்தப் பொருளுக்கும் இது மிக அதிகம். நான் பயன்படுத்தும் எல்லைகள்:

டோனர், நீர்த்த சீரம்: 0.1 – 0.2%
லோஷன், க்ரீமில் துணைக்கு: 0.2 – 0.3%
தண்ணீர் ஜெல்: 0.5 – 0.8%
ஷாம்பு, பாடி வாஷ்: 0.5 – 1%

1%க்கு மேல் கெட்டித்தன்மையை விட வழவழப்புதான் கூடும். விரலால் எடுத்தால் அறுபடாமல் தொங்கும், காய்ந்தால் தோலை இழுத்துப் பிடிக்கும்.

இந்த அளவுகளை ஸ்பூனால் அளக்க முடியாது. 100 கிராம் ஜெல்லுக்கு அரை கிராம் வேண்டும் என்றால் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு கட்டாயம். 1 கிராம் கணக்கில் மட்டும் காட்டும் சமையலறைத் தராசில் 0.5க்கும் 0.9க்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் தோலுக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

கட்டி தட்டுவது, எண்ணெய் பிரிவது, பிரிசர்வேட்டிவ் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

கட்டி ஏன் வருகிறது? இந்தத் தூள் தண்ணீரைப் பார்த்த நொடியில் வெளிப்பக்கம் ஊதி ஒரு ஜெல் தோலாக மூடிக்கொள்ளும். உள்ளே காய்ந்த தூள் அப்படியே சிறைப்பட்டிருக்கும். அதன்பின் எவ்வளவு கலக்கினாலும் அந்தத் தோலைத் தாண்டி உள்ளே தண்ணீர் போக நேரம் பிடிக்கும். ஆகவே வேலை முழுவதும் ஒன்றுதான்: தண்ணீர் தொடும் முன்பே துகள்களைப் பிரித்துவிட வேண்டும்.

அதற்குக் கிளிசரின். சாந்தன் கம் கிளிசரினில் ஊறாது, நனைந்து பிரிந்து மட்டும் நிற்கும். கிளிசரின் போன்ற இன்னொரு திரவமான புரப்பனடையாலும் இதே வேலையைச் செய்யும்.

100 கிராம் அடிப்படை ஜெல்:

டிஸ்டில்டு வாட்டர் 93.5 கிராம்
கிளிசரின் 5 கிராம்
சாந்தன் கம் 0.5 கிராம்
பிரிசர்வேட்டிவ் 1 கிராம் (1% அளவில் சேர்க்கும் வகை)

ஈரமே இல்லாத சின்னக் கிண்ணத்தில் கிளிசரினை எடுத்து, தூளைத் தூவி, ஒரு சின்ன ஸ்பேட்டுலாவால் தேய்த்துக் குழையுங்கள். வெள்ளைப் புள்ளி எதுவும் தெரியாத, ஊற்றக்கூடிய குழம்பாக வேண்டும். தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் சுழலும்படி கலக்கிக்கொண்டே இருந்து, அந்தக் குழம்பை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கலக்கி, மூடி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு மறுபடி கலக்கினால் முழுக் கெட்டி தெரியும். கடைசியில் பிரிசர்வேட்டிவ், அதன்பின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) சோதனை.

கிளிசரின் குறைந்தது தூளின் மூன்று, நான்கு மடங்கு இருக்க வேண்டும். பத்து மடங்கு இருந்தால் வேலை எளிது.

பிப்ரவரி 5, இரவு

ஒரு சேர்க்கை. கிளிசரின் குழம்பைத் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும், தண்ணீரைக் குழம்பின் மேல் ஊற்றக் கூடாது. மேலே ஊற்றினால் முதல் சில துளித் தண்ணீரை மொத்தத் தூளும் சேர்ந்து உறிஞ்சி அடியில் அடையாகிவிடும். கிளிசரின் சேர்த்தும் கட்டி வந்தது என்று சொல்பவர்கள் முதலில் இந்த வரிசையைப் பாருங்கள். அடுத்து, கிண்ணத்தில் ஈரம் இருந்ததா என்று பாருங்கள்.

கிளிசரின் பிசுபிசுப்பு பிடிக்காதவர்கள் தூளைச் சின்ன வடிகட்டி வழியாக, பிளெண்டர் சுழலும் தண்ணீரின் சுழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவலாம். ஒரே இடத்தில் விழக் கூடாது. இது கைப்பழக்கம் கேட்கும் வழி.

பிப்ரவரி 7

எண்ணெய் மிதந்ததைப் பற்றி. சாந்தன் கம் எமல்சிஃபையர் அல்ல. எமல்சிஃபையரின் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். அது எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில் போய் உட்கார்ந்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்வதைத் தடுக்கும். சாந்தன் கம் தண்ணீரில் கரைந்து தண்ணீரைக் கெட்டியாக்குவதோடு சரி. துளி மேலே ஏறும் வேகம் தண்ணீர்ப் பகுதியின் கெட்டித்தன்மைக்கு எதிர்விகிதத்திலும், துளியின் ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். இதுதான் ஸ்டோக்ஸ் விதி. கெட்டியாக்கினால் ஏறுவது தாமதமாகும், நிற்காது. எமல்சிஃபையர் இல்லாத துளிகள் இதற்கிடையில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். ஆரம் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்கு. அதனால்தான் முதல் நாள் லோஷனாகத் தெரிந்தது இரண்டாம் நாள் பிரிகிறது.

பிரிந்ததைக் குலுக்கிக் குலுக்கிப் பயன்படுத்தலாம் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் கைக்கு வரும் எண்ணெயின் அளவு மாறும், பிரிசர்வேட்டிவ் எந்தப் பகுதியில் எவ்வளவு இருக்கிறது என்பதும் நிச்சயமில்லை.

சரியான ஒரு லோஷன், 100 கிராமுக்கு:

தண்ணீர் 72.8, கிளிசரின் 4, சாந்தன் கம் 0.2, திரவ எண்ணெய் 17, எமல்சிஃபையிங் வேக்ஸ் 5, பிரிசர்வேட்டிவ் 1.

கிளிசரினில் குழைத்த கம்மைத் தண்ணீரில் கலந்து ஊறவிடுங்கள். எண்ணெயும் வேக்ஸும் வேறு பாத்திரத்தில். இரண்டையும் கொதிநீரில் உட்காரவைத்து 70 – 75 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சூடாக்கும் முன்பும் பின்பும் எடை போட்டு, ஆவியானதைச் சூடான தண்ணீரால் ஈடுகட்டுங்கள். பிறகு எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி, கை பிளெண்டரால் ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவிட்டு அடியுங்கள். 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் பிரிசர்வேட்டிவ். ஆறும் வரை அவ்வப்போது ஸ்பேட்டுலாவால் கலக்குங்கள்.

இதில் 0.2% கம் என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பினால் கம் இல்லாமல் ஒரு சின்னக் கலவையும் செய்து, இரண்டையும் வெதுவெதுப்பான இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெயில் நாளிலும் பயணத்திலும் லோஷன் பிரியாமல் நிற்பதற்கு இந்த அளவே போதும்.

பிப்ரவரி 8

எண்ணெய் மட்டும் உள்ள பாமில் இதைப் போட்டுக் கெட்டியாக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியாது. தண்ணீர் இல்லாத இடத்தில் அது ஊறவே ஊறாது, மணலாக அடியில் தங்கும். அங்கே மெழுகுதான்.

பிப்ரவரி 10

ஹேர் கண்டிஷனரில் சேர்த்ததும் தயிர் திரிவது போலத் திரிந்தது என்ற கேள்விக்கு.

சாந்தன் கம்மின் முதுகெலும்பு செல்லுலோஸ் சங்கிலிதான். அதில் ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோஸில் மூன்று சர்க்கரை கொண்ட கிளை தொங்கும். அந்தக் கிளையில் குளுக்குரோனிக் அமிலம் இருப்பதால் மொத்தச் சங்கிலிக்கும் எதிர்மின் தன்மை. கண்டிஷனரில் முடியோடு ஒட்டும் பொருள்களுக்கு நேர்மின் தன்மை: பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்பேட், செட்ரிமோனியம் குளோரைடு, பாலிகுவாட்டர்னியம் என்று தொடங்கும் எல்லாம். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரியாக விழும். கெட்டியும் போகும், முடியை மென்மையாக்கும் குணமும் போகும். திரிந்ததை மீட்க வழியில்லை.

அங்கே மின்னூட்டம் இல்லாத கெட்டிப்பொருள் வேண்டும். ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸ் 0.5 – 1% நல்ல தேர்வு. கொத்தவரை விதையில் எடுக்கும் சாதாரண குவார் கம்மும் பொருந்தும். ஆனால் கேட்டயானிக் குவார் என்று விற்பது வேறு. அது நேர்மின் தன்மை கொண்டது. கண்டிஷனரோடு ஒத்துப்போகும், சாந்தனோடு சண்டை போடும். பொட்டலத்தில் ஹைட்ராக்சி புரப்பில்ட்ரிமோனியம் குளோரைடு என்று இருந்தால் இந்த வகை.

நேர்மின் தன்மை கொண்ட இயற்கைப் பொருளான கைட்டோசானுக்கும் இதே எச்சரிக்கை. இயற்கை, செயற்கை என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது, மின்னூட்டம்தான் கணக்கு.

பிப்ரவரி 11

பிரிசர்வேட்டிவ். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

சாந்தன் கம் ஒரு சர்க்கரைச் சங்கிலி. அதோடு 90% தண்ணீரும் இருக்கிறது. நுண்ணுயிருக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையிலேயே ஒரு கிராமில் லட்சக்கணக்கில் இருக்கலாம். கண்ணைச் சுற்றியும் கீறல் பட்ட தோலிலும் அது ஆபத்து.

வைட்டமின் ஈ, எண்ணெய் கெட்டுப்போய்ச் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். பாக்டீரியாவையோ பூஞ்சையையோ தடுக்காது. நுண்ணுயிரைத் தடுக்கும் அளவுக்கு வாசனை எண்ணெய்களைப் போட்டால் தோல் எரியும். தண்ணீரைக் கொதிக்கவைத்துச் செய்தேன் என்பது முதல் நாளுக்கு மட்டும் உதவும். விரலை விட்டு எடுத்த கணத்திலேயே புதிய நுண்ணுயிர் உள்ளே போய்விடும்.

பலரும் எளிதாக வாங்கும் ஜோடி சோடியம் பென்சோவேட் 0.5%, பொட்டாசியம் சார்பேட் 0.3%. இவை அமில வடிவில் மட்டுமே வேலை செய்யும். பென்சாயிக் அமிலத்துக்கு பிகேஏ 4.2. அதாவது பிஹெச் 4.2இல் பாதி செயல்படும் வடிவில் இருக்கும். பிஹெச் 5இல் 14% அளவு, பிஹெச் 6இல் 2%கூட இல்லை. சார்பிக் அமிலம் 4.76 என்பதால் பிஹெச் 5இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். ஆக இந்த ஜோடியைப் போட்டுவிட்டு பிஹெச் பார்க்காமல் விட்டால் போடாததற்குச் சமம். சிட்ரிக் அல்லது லாக்டிக் அமிலத்தை 10% கரைசலாக்கித் துளித்துளியாக விட்டு 4.5 – 5க்குள் கொண்டுவாருங்கள். இந்த இடத்தில்தான் சாந்தன் கம்மின் பெருமை தெரியும்: அமிலத்துக்கும் உப்புக்கும் அதன் கெட்டி அதிகம் அசையாது. கார்போமர் என்ற செயற்கைக் கெட்டிப்பொருளில் செய்த ஜெல்லில் இதே அளவு உப்பும் அமிலமும் விட்டால் நீர்த்து ஓடிவிடும்.

பிஹெச் குறைக்க விரும்பாதவர்கள் ஃபீனாக்சி எத்தனால் கலவைகளைப் பார்க்கலாம். ஐரோப்பிய விதியில் அதன் உச்ச அளவு 1%. தனியாகப் போட்டால் பூஞ்சைக்கு எதிராக வலு குறைவு. அதனால் எத்தில்ஹெக்சில் கிளிசரின் சேர்ந்த வகையாக வாங்குங்கள்.

பென்சோவேட் இருக்கும் ஜெல்லில் வைட்டமின் சியும் (ஆஸ்கார்பிக் அமிலம்) சேர்க்காதீர்கள். உலோகத் தடம் (மிகச் சிறு அளவு உலோகம்) இருந்தால் இரண்டும் சேர்ந்து பென்சீன் உண்டாக வழி இருக்கிறது.

பிப்ரவரி 11, பின்னர்

உப்பு வகைகள் அனைத்தும் (பென்சோவேட், சார்பேட், சோடியம் லாக்டேட், சாதாரண உப்பு) கம் முழுதாக ஊறிய பிறகுதான். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஊறுவது மிகவும் தாமதமாகும், குருணை தங்கும். ஊறியபின் சேர்த்தால் பிரச்சினை இல்லை.

ஆல்கஹாலுக்கும் இதே விதி. முதலில் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ஆல்கஹாலை மெதுவாக ஊற்றினால் ஏறத்தாழ பாதிக்குப் பாதி வரை தாங்கும். அதற்கு மேல் போனால் கம் வெள்ளை இழையாக வெளியே வந்துவிடும். இதைத் தயாரிக்கும் ஆலைகளிலும் கடைசியில் ஆல்கஹால் ஊற்றித்தான் கம்மைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள்.

பிப்ரவரி 14

கட்டி தட்டிய ஜெல்லை என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். துரத்தித் துரத்தி அடிக்காதீர்கள். பிரிசர்வேட்டிவ் போட்டு, மூடி, ஒரு இரவு விடுங்கள். உருண்டைகளின் உள்ளே தண்ணீர் தானாகப் போய்ச் சேரும். காலையில் கை பிளெண்டரால் அரை நிமிடம் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் கரையாததை நுண்ணிய வலையில் வடிகட்டலாம். ஆனால் வடிகட்டியில் தங்கியது அத்தனையும் கம்தான் என்பதால் ஜெல் நினைத்ததை விட இளகலாக இருக்கும். அதை அடுத்த முறைக்கான அளவாகக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

இளகலான ஜெல்லில் நேராகத் தூள் தூவிச் சரிசெய்ய முயன்றால் மறுபடி கட்டிதான். கிளிசரினில் குழைத்தே சேர்க்க வேண்டும். அதற்கும் முன்னால் அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். நிறையப் பேர் முழுதாக ஊறும் முன்பே ‘கெட்டி போதவில்லை’ என்று இன்னொரு பங்கு போட்டுவிடுகிறார்கள்.

பிப்ரவரி 15

காற்றுக் குமிழி. சாந்தன் ஜெல் அசையாமல் இருக்கும்போது மிகக் கெட்டி, கலக்கும்போது இளகும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். லோஷனில் துளிகளைப் பிடித்து நிறுத்துவது எந்தக் குணமோ அதே குணம்தான் குமிழியையும் மேலே வரவிடாமல் பிடிக்கிறது. போனபின் எடுப்பதை விட உள்ளே விடாமல் இருப்பதே வழி. பிளெண்டர் தலையைச் சாய்த்து உள்ளே இறக்கி, அடியில் சிக்கிய காற்றை வெளியேற்றிய பின் சுவிட்சைப் போடுங்கள். ஓடும்போது தலையை மேலே தூக்காதீர்கள். உயரமான, குறுகலான பாத்திரம் நல்லது. 0.3%க்குக் கீழ் உள்ள கலவைகளில் ஓர் இரவில் குமிழி பெரும்பாலும் போய்விடும். 0.7% ஜெல்லில் அப்படியே தங்கும். இது பார்வைக்கான குறைதான், ஜெல்லின் தரத்தைப் பாதிக்காது.

பிப்ரவரி 18

வழவழப்பைப் பற்றி மறுபடி. பிப்ரவரி 4இல் அளவைக் குறைக்கச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அது பாதி விடைதான். சிலருக்குக் கெட்டியும் வேண்டும், இழுபடவும் கூடாது. அதற்குச் சாந்தனை மட்டும் நம்பாமல் பங்கு பிரிக்க வேண்டும்.

ஸ்கிளரோஷியம் கம்: பூஞ்சையிலிருந்து வருவது, மின்னூட்டம் இல்லாதது, தொடுவதற்கு மென்மை. சாந்தன் 0.2%, ஸ்கிளரோஷியம் 0.4% என்று சேர்த்தால் சாந்தன் 0.6% தரும் இழுவை இருக்காது. முகத்துக்கான ஜெல்லுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

குவார் கம்: சாந்தனோடு சேர்ந்தால் தனித்தனியாகத் தரும் கெட்டியின் கூட்டுத்தொகையை விட அதிகம் தரும். ஆகவே இரண்டையும் குறைத்தே தொடங்குங்கள். கொஞ்சம் கலங்கலாகவும் இருக்கும்.

லோகஸ்ட் பீன் கம், கொன்ஜாக்: இவை சாந்தனோடு சேர்ந்தால் கெட்டித் திரவமாக நிற்காது, உண்மையான ஜெல்லி ஆகும். வெட்டினால் துண்டாகும். லோகஸ்ட் பீன் கம் முழுதாகக் கரைய 80 டிகிரி சூடும் வேண்டும். முகத்தில் வைக்கும் ஜெல்லித் துண்டு மாஸ்க் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும், பம்ப் பாட்டிலுக்கு ஆகாது.

மெக்னீசியம் அலுமினியம் சிலிக்கேட் என்ற களிமண் வகை: லோஷனில் 1% அளவில், 0.2% சாந்தனோடு. இழுவையை நன்றாகவே அறுத்துவிடும். ஆனால் களிமண்ணைத் தண்ணீரில் நீண்ட நேரம் வலுவாக அடித்து விரித்த பிறகே கம் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 19

சீரம் பூசி அதன்மேல் இன்னொன்றைத் தேய்த்தால் அழிரப்பர் துகள் போல உருண்டு வருகிறது என்பதற்கும் காரணம் இதே கம்தான். காய்ந்தபின் தோல்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது, தேய்த்தால் சுருண்டு வருகிறது. 0.3%க்குக் கீழே இறங்குங்கள், கிளிசரினை 3%க்குக் குறைக்காதீர்கள், முதல் பூச்சு முழுதாகப் படிந்த பின் அடுத்ததைத் தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள்.

பிப்ரவரி 23

நன்றாக இருந்த ஜெல் சில வாரத்தில் தண்ணீராகிவிட்டது என்ற கேள்வி இந்த இழையிலேயே எனக்கு முக்கியமானது. ஏனென்றால் பலர் இதை கம்மின் தரக்குறைவு என்று நினைத்து வேறு பொட்டலம் வாங்குகிறார்கள். சங்கிலி எதனால் அறுபட்டது என்று பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் நுண்ணுயிர். அவை வெளியிடும் என்சைம்கள் சங்கிலியை வெட்டும். வாடை, நிறம், வாயு எதிலாவது மாற்றம் இருந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள். எந்த மாற்றமும் தெரியாவிட்டாலும், பிரிசர்வேட்டிவ் போட்டிருந்தீர்களா, பிஹெச் சரியாக இருந்ததா என்று உறுதியாகத் தெரியாத நிலையில் கொட்டிவிடுவதே நல்லது.

இரண்டாவது, நீங்களே சேர்த்த என்சைம். பழ என்சைம் தூள்கள், நொதிக்கவைத்த சாறுகள், சில மூலிகைச் சாறுகள் இவற்றில் செல்லுலேஸ் (செல்லுலோஸை வெட்டும் என்சைம்) இருக்கலாம். முதுகெலும்பு செல்லுலோஸ் என்று முன்பே சொன்னேன் அல்லவா, அது இங்கே உதவும். முழுதாக ஊறிய சாந்தன் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் நாள்பட அறுபடும். சோதனை எளிது: ஒரே நாளில், ஒரே பிரிசர்வேட்டிவோடு, சாறு சேர்த்தது ஒரு பாட்டில், சேர்க்காதது ஒரு பாட்டில். முதலாவது மட்டும் இளகினால் விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவது, ஆக்சிஜனேற்றம். ஹைட்ரஜன் பெராக்சைடு நேரடியாக அறுக்கும். வைட்டமின் சி நல்லது என்று போடுகிறோம். ஆனால் இரும்பு, தாமிரத் தடம் இருந்தால் அதுவே சங்கிலியை வெட்டும் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாக்கும். டிஸ்டில்டு வாட்டர் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். டைசோடியம் இடிடிஏ 0.1% அல்லது சோடியம் ஃபைட்டேட் சேர்த்தால் உலோகத்தைக் கட்டிப்போடும், பிரிசர்வேட்டிவுக்கும் அது துணை.

சூட்டைப் பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டாம். லோஷன் செய்யும் 75 டிகிரியில் இளகியதாகத் தெரியும், ஆறினால் கெட்டி திரும்பிவிடும்.

பிப்ரவரி 25

80 மெஷ், 200 மெஷ் என்று பொட்டலத்தில் போட்டிருப்பது துகளின் அளவு. எண் கூடினால் துகள் நுண்மை. 200 வேகமாக ஊறும், ஆனால் நேராகத் தண்ணீரில் போட்டால் கட்டியும் வேகமாகத் தட்டும். கிளிசரின் வழியில் செய்பவருக்கு 200, தூவிக் கலக்குபவருக்கு 80. இரண்டின் முடிவான கெட்டியிலும் பெரிய வேறுபாடு இல்லை.

சாதாரண வகையில் செய்த ஜெல் கலங்கலாகவே இருக்கும், எத்தனை முறை வடிகட்டினாலும் தெளியாது. கண்ணாடித் தெளிவு வேண்டுமென்றால் ‘கிளியர்’ அல்லது ‘டிரான்ஸ்பரன்ட்’ என்று குறித்த வகையை வாங்க வேண்டும். லோஷன் செய்பவர் அதற்குப் பணம் செலவழிக்க அவசியமே இல்லை.

பிப்ரவரி 27

சாந்தன் கம் உண்மையில் இயற்கைதானா என்றும் சிலர் கேட்கிறார்கள். நடப்பது இவ்வளவுதான்: முட்டைக்கோஸ் குடும்பச் செடிகளில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் வளர்க்கிறார்கள். அது தன்னைச் சுற்றிச் சுரக்கும் கோந்து இது. பாக்டீரியாவைச் சூட்டால் கொன்று, ஆல்கஹாலால் கோந்தைப் பிரித்து, உலர்த்தி அரைக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வுக்கூடத்தில் அலீன் ஜீன்ஸும் அவருடைய குழுவினரும் செய்த வேலையிலிருந்து வந்தது. உணவுச் சேர்க்கையாக இதன் எண் இ 415. இயற்கை அழகுப் பொருள்களுக்கான காஸ்மாஸ் தரமும் இதை ஏற்கிறது.

உணவுத் தரம் என்பதால் நேராகப் பயன்படுத்தலாமா? வீட்டு அளவுக்கு உணவுத் தரத் தூள் போதும். மாவுச்சத்தோ சர்க்கரையோ கலக்காத, சாந்தன் கம் மட்டுமே உள்ள பொட்டலமா என்று பார்த்து வாங்குங்கள். கலப்புப் பொட்டலத்தில் 0.5% என்று எடைபோட்டால் உண்மையில் கிடைப்பது எவ்வளவு என்று தெரியாது.

மார்ச் 1

துத்தநாக ஆக்சைடை ஜெல்லில் கலந்து வீட்டிலேயே சன்ஸ்கிரீன் செய்கிறேன், சாந்தன் கம் தூளை மிதக்கவைக்கிறது என்று ஒரு குறிப்பு வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தூள் அடியில் தங்கவில்லை என்பதும் தோல்மேல் சமமாகப் பரவுகிறது என்பதும் வேறு வேறு. துகள்கள் நுண்ணிய கொத்தாகச் சேர்ந்துகொள்வது கண்ணுக்குத் தெரியாது, அந்த இடைவெளியில் வெயில் அப்படியே இறங்கும். எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது என்பதை ஆய்வுக்கூடச் சோதனை இல்லாமல் அறிய முடியாது. இந்த இழையில் உள்ள எந்த அளவையும் சன்ஸ்கிரீனுக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

மார்ச் 2

ஆளி விதை ஜெல்லோடு ஒப்பிடச் சொன்னவருக்கு. ஒரு பங்கு விதை, பத்து முதல் பன்னிரண்டு பங்கு தண்ணீர் (எடையில்), மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம். ஸ்பூனிலிருந்து நூலாக விழத் தொடங்கியதும் சூட்டோடு வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் வலையில் இறங்காது. முடிக்கு அருமையான பிடிப்பு தரும். ஆனால் விதைக்கு விதை கெட்டி மாறும், புரதமும் பிற சத்தும் சேர்ந்தே இறங்குவதால் கெடுவதும் சீக்கிரம். குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம், அதற்குள் முடியும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள். லோஷனுக்குள் இதைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். வழக்கமான அளவு பிரிசர்வேட்டிவ் இதைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

மார்ச் 4

சில்லறைக் கேள்விகள்.

ஸ்பிரே பாட்டில்: 0.1%க்கு மேல் போனால் தூறலுக்குப் பதில் நேர்த்தாரையாகப் பாயத் தொடங்கும். பம்ப் பாட்டிலில் எந்தத் தொல்லையும் இல்லை, அழுத்தும்போது இளகி வந்து கையில் நின்றுவிடும்.

ஸ்கிரப் துகளை மிதக்கவைக்க: மிக நுண்ணிய, எடை குறைந்த துகள் என்றால் 0.5 – 0.8% பிடிக்கும். கனமானது காலப்போக்கில் இறங்கும். அதற்கு ஜெல்லன் கம் என்ற வேறொரு கெட்டிப்பொருள் பொருத்தம்.

ஷாம்பு: கம்மைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் நுரைப்பொருள். நுரைக்கரைசலில் ஊறப்போட்டால் தாமதமும் குமிழியும் சேர்ந்து வரும். கோகாமிடோபுரப்பில் பீட்டெய்ன் இருந்தால் பிஹெச் குறையக் குறைய லேசான மங்கல் தெரியலாம். முதலில் 50 கிராம் செய்து பாருங்கள்.

முன்கூட்டியே ஜெல் செய்து வைத்துக்கொள்வது: 1% ஜெல்லைப் பிரிசர்வேட்டிவோடு செய்து வைத்தால், 100 கிராம் லோஷனில் 20 கிராம் சேர்க்க 0.2% கிடைக்கும். அந்த 20 கிராமை லோஷனின் தண்ணீர்க் கணக்கிலிருந்து கழிக்க மறக்காதீர்கள். சிறு எடைகளைத் தராசு தடுமாறிக் காட்டும் சிக்கலும் இதில் தீரும்.

மார்ச் 5

தூளைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஈர ஸ்பூன் உள்ளே போகவே கூடாது. தரையில் சிந்தினால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வழுக்கி விழும் அளவுக்குத் தரை கொழகொழத்துவிடும். முதலில் உலர்ந்த காகிதத்தால் அள்ளுங்கள், மீதியை வாக்குவம் கிளீனரால் எடுங்கள், அதன்பிறகுதான் சோப்புத் தண்ணீர்.